அந்த வெள்ளைக் கப்பை அனுப்ப மாட்டேன்

தம்பி,

நீ கேட்ட, அரிசி அளக்கிற வெள்ளைக் கப்பை நான் அனுப்பப் போவதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை போனில் "சரிப்பா, குடுத்தனுப்புறேன்" என்று சொன்னவள் நான்தான். சொன்னபடி அதைப் பழைய வேட்டித் துணியில் சுற்றி, உனக்குப் பிடித்த நார்த்தங்காய் ஊறுகாயோடு பையில் வைத்தும் ஆயிற்று. வியாழக்கிழமை அதை மறுபடி வெளியே எடுத்துவிட்டேன். ஏன் என்று போனில் சொல்ல முடியாது. நம் வீட்டில் போன் என்றால் ஸ்பீக்கர்தான். உன் அப்பா சமையலறை வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, என்னைக் கேட்ட கேள்விக்கு அவரே பதிலும் சொல்லிவிடுவார். அதனால் அவர் டீக்கடைக்குக் கிளம்புகிற நாலு மணிக்கு மேல் கொஞ்சம் கொஞ்சமாக எழுதுகிறேன். இன்றோடு மூன்று நாள் ஆகிறது. கவரின் மேல் உன் பெயரோடு கௌசல்யா பெயரையும் எழுதுவேன். நீ படித்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளக் கூடாது. அவளும் படிக்க வேண்டும். வேறு யார் படித்தாலும் எனக்கு வெட்கமில்லை.

நீ அந்தக் கப்பை எதற்குக் கேட்டாய் என்று எனக்குத் தெரியும். கௌசல்யா ஒரு நாள் மீந்த சோற்றைக் குப்பையில் கொட்டியதை நீ பார்த்துவிட்டாய். "எங்கம்மா ஒரு பருக்கை வீணாக்க மாட்டாங்க. ஆளுக்கு ஒரு கப்பு, அதுக்கு மேல போடவே மாட்டாங்க. அந்தக் கப்பு வந்தாதான் நீ அடங்குவ" என்று சொல்லியிருக்கிறாய். இதை அவள் புகாராகச் சொல்லவில்லை. நீ பேசிவிட்டு வைத்த பிறகு அவளே என்னைக் கூப்பிட்டாள். "அத்தை, அந்தக் கப்ப சீக்கிரம் குடுத்தனுப்புங்க. அது வந்துட்டா அவரு அரிசி டின்னு பக்கத்துல வந்து நிக்க மாட்டாரு" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். அன்றைக்கு எனக்கு அது சிரிப்பாகத்தான் இருந்தது.

அந்தக் கப்பு எப்படி வந்தது என்று உனக்குத் தெரியாது, நீ பிறப்பதற்கு முன்னால் நடந்தது. நான் இந்த வீட்டுக்கு வந்தபோது அரிசி அளக்க ஒரு பித்தளை ஆழாக்கு இருந்தது. உன் தாத்தா நெல் வாங்கி விற்கிற கமிட்டியில் மூட்டை எடை போட்டவர். அளவு என்றால் அவருக்குச் சாமி மாதிரி. அவர் சம்சாரம் முன்னாலேயே போய்விட்டதால் அடுப்படிச் சட்டமும் அவர் கையில்தான் இருந்தது. ஆளுக்கு ஒரு ஆழாக்கு. மொத்தமும் அளந்த பிறகு அதிலிருந்து ஒரு பிடி திரும்ப எடுத்து மூலையில் இருக்கிற பானையில் போட வேண்டும், திடீரென்று யாராவது வந்தால் ஆகும். அதில் ஒரு குற்றமும் இல்லை. எத்தனையோ வீட்டில் உள்ள வழக்கம்தான். நான் வந்து ஆறு மாதத்தில் உன் அத்தை கலாவைப் பெண்ணாடத்தில் கட்டிக் கொடுத்தார்கள். சீர் வரிசையில் படியோடு ஆழாக்கும் போக வேண்டும் என்று சம்பந்தி வீட்டில் கேட்டார்கள். அந்தப் பித்தளை ஆழாக்கு கலாவோடு போயிற்று.

போவதற்கு முந்தின வாரம் உன் அப்பா அதைத் தான் வேலை செய்யும் பீங்கான் பட்டறைக்கு எடுத்துப் போய், அதன் மேலேயே பிளாஸ்டர் ஊற்றி அச்சு எடுத்து, அந்த அச்சில் மண் குழம்பை ஊற்றி, சூளையில் வைத்து ஒரு வெள்ளைக் கப்பு கொண்டு வந்தார். அடியில் ஒரு பூ கூட வரைந்திருந்தார். கல்யாணமாகி அவர் தன் கையால் எனக்குச் செய்து கொடுத்த முதல் பொருள் அது. "அதே ஆழாக்குதான், வெள்ளையா இருக்குது, அவ்வளவுதான்" என்றார். நான் அதைத் துடைத்துத் துடைத்து வைத்தேன்.

இப்போது உன் யானையை நினைத்துப் பார். உனக்கு ஏழு வயசிருக்கும். உன் பிளாஸ்டிக் யானையை அப்பா எடுத்துப் போய் அதே மாதிரி பீங்கான் யானை செய்து கொண்டு வந்தபோது, இரண்டையும் பக்கத்தில் நிறுத்திப் பார்த்து, "என் யானையைச் சின்னதாக்கிட்டாரு" என்று தெருவே கேட்க அழுதாய். "சூளைக்குப் போனா யானையும் இளைக்கும்டா" என்று அவர் சிரித்தார். மண் காயும்போது சுருங்கும், வேகும்போது இன்னும் சுருங்கும், அதனால் அச்சைப் பெரிதாகச் செய்ய வேண்டும் என்று அன்றைக்கு உனக்கு விளக்கமாகச் சொன்னார். இந்த ஊரில் களிமண் வேலை செய்கிற எந்த வீட்டிலும் குழந்தைக்குக்கூட இது தெரியும். நானும் பக்கத்தில் முறத்தோடு உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். முறத்தில் இருந்தது அந்தக் கப்பில் அளந்த அரிசி. இருந்தும் எனக்கு உறைக்கவில்லை.

கப்பு வந்த நாளிலிருந்து எனக்குச் சோறு போதவில்லை. இதை எழுதவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. தாத்தா, அப்பா, பிறகு நீ, கடைசியில் நான். நான் உட்காரும்போது பானையில் அடியில் ஒட்டியிருப்பதுதான் இருக்கும். ஆளுக்கு ஒன்று அளந்துதானே போட்டேன், என் பங்கு எங்கே போயிற்று என்று யோசித்தால் எனக்குத் தோன்றிய பதில் ஒன்றே ஒன்றுதான். எனக்குத்தான் வயிறு பெரிது. பிறந்த வீட்டில் கணக்கில்லாமல் தின்று பழகிவிட்டது, அடக்க வேண்டும். அப்படி நினைத்து, உலகத்தில் இல்லாத விரதமெல்லாம் இருந்தேன். திங்கட்கிழமை பழமலைநாதருக்கு, வெள்ளி அம்மனுக்கு, சனி பெருமாளுக்கு, போதாததற்கு எந்தச் சாமிக்கு என்று எனக்கே தெரியாத ஒரு புதன்கிழமை விரதம். "எங்கம்மாவுக்கு ரொம்ப பக்தி" என்று நீ உன் சிநேகிதர்களிடம் பெருமையாகச் சொல்வாய். பசிதான் தம்பி அது.

உனக்குச் செய்ததையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்தக் கடிதத்துக்கு அர்த்தமில்லை. நீ வளர்ந்து, ஓடி ஆடிவிட்டு வந்து இரண்டாம் முறை சோறு கேட்க ஆரம்பித்த வயதில், சாப்பிட உட்காரும் முன் உனக்கு ஒரு சொம்பு கஞ்சித் தண்ணீர் உப்புப் போட்டுக் கொடுப்பேன். "உடம்புக்குக் குளுமை, குடி" என்பேன். குளுமை உண்மைதான். ஆனால் நான் கொடுத்தது குளுமைக்காக இல்லை. அது வயிற்றை அடைத்துக்கொண்டால் நீ குறைவாகச் சாப்பிடுவாய் என்றுதான். ஒரு தடவை நீ அதைக் குடிக்காமல் நேராகத் தட்டில் உட்கார்ந்துவிட்டாய் என்று உன் முதுகில் அடித்தேன். ஏன் அடித்தேன் என்று உனக்கு அன்று புரியவில்லை. இன்று கௌசல்யாவிடம் அதே கஞ்சித் தண்ணீரை, "எங்கம்மா வைத்தியம்" என்று சொல்லிச் சாப்பாட்டுக்கு முன் குடிக்கச் சொல்கிறாயாம். அதைக் கேட்டபோது என் கை எனக்கே பிடிக்காமல் போயிற்று.

இதற்கிடையில் எனக்குக் கெட்டிக்காரி என்ற பேர் வந்துவிட்டது. ஒரு மாதத்துக்கு வாங்கும் அரிசி மூட்டை பத்து நாள் கூட வந்தது. தாத்தா திண்டிவனம் வரைக்கும் போய் என்னைப் பற்றிச் சொல்லி வந்தார். தெருவில் புதிதாகக் குடும்பம் நடத்த வந்த பெண்களை என்னிடம் அனுப்பினார்கள். நான் அவர்களுக்கு வாய் ஓயாமல் சொல்லிக் கொடுத்தேன். பேர் ஒரு தரம் வந்துவிட்டால் அதைக் காப்பாற்ற வேண்டியதாகிவிடுகிறது. பத்தவில்லை என்று வாயைத் திறந்தால் அந்தப் பேர் போய்விடுமே. உன் அப்பா என்னை அடைத்து வைத்தார் என்று மட்டும் நான் சொல்ல மாட்டேன். கதவை உள்ளே இருந்து சாத்திக்கொண்டதில் என் கையும் உண்டு.

அதற்காக நான் கற்ற சிக்கனம் அத்தனையும் பொய் என்று நினைக்காதே. கடையில் வாங்கும் பொன்னியைச் சோற்றுக்கு வைத்துக்கொண்டு, இட்லி மாவுக்கு ரேஷன் அரிசி போடலாம், நன்றாகப் பொங்கும். தக்காளி விலை ஏறினால் புளியைக் கொஞ்சம் கூட்டிக் கரை. கொத்தமல்லிக் காம்பைத் துவையல் அரை. முருங்கைக் கீரையைக் காசு கொடுத்து வாங்காதே, உங்கள் தெருவிலும் யார் வீட்டு மரமாவது சுவர் தாண்டி நிற்கும், கேட்டால் கொடுப்பார்கள். பருப்பு குறைவாக இருக்கும் நாளில் சாம்பாரில் பரங்கிக்காய் போட்டு ஒரு துண்டை மசித்துவிடு, குழம்பு கெட்டியாகிவிடும். மீந்த சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் சின்ன வெங்காயத்தோடு சாப்பிடு, கௌசல்யாவையும் கொட்ட வேண்டாம் என்று சொல், அதில் உனக்கு உரிமை உண்டு. இதெல்லாம் பொருளை மிச்சம் பிடிக்கிற வழி. நான் வேறொன்றை மிச்சம் பிடித்துக்கொண்டிருந்தேன், அது என்ன என்று புதன்கிழமைதான் தெரிந்தது.

புதன்கிழமை கலா பேத்திக்குக் காது குத்து. உன் அப்பாவுக்கு முழங்கால் வலி, வரவில்லை. "சாயங்காலத்துக்குள்ள வந்துடு, சோறு ஆறிப்போவும்" என்று சொல்லி அனுப்பினார். பெண்ணாடம் பஸ்ஸில் தனியாகப் போனேன், ஜன்னலோரம் கிடைத்தது, அதுவே எனக்குத் திருவிழா. விசேஷச் சாப்பாடெல்லாம் வெளியே ஆள் வைத்துச் செய்தார்கள். அந்தச் சாப்பாடு வயிற்றுக்கு ஆகாது என்று என்னையும் சேர்த்து வீட்டுப் பெரியவர்கள் ஐந்து பேருக்கு மட்டும் தனியாக ரசஞ்சோறு வைக்க நான் உள்ளே போனேன். அரிசி டின்னுக்குள் அந்தப் பித்தளை ஆழாக்கு. முப்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று நான் அதைத் தொட்டு. ஐந்து அளந்தேன், ஒரு பிடி திரும்ப எடுத்தேன், வடித்தேன். எல்லாரும் சாப்பிட்டோம். நானும் வயிறு நிறையச் சாப்பிட்டேன். பானையில் இன்னும் சோறு இருந்தது.

"கலா, ஆளுக்கு ஒண்ணுதானே போட்டேன், எப்பிடி மீந்துது?" என்றேன்.

"எப்பவும் மீந்துதானே அண்ணி போவும்? எங்கப்பாரு அளவுன்னா சும்மாவா? பொம்பளைங்க கடைசியா சாப்பிடுவாங்கன்னு சேத்துதானே வச்சிருக்காரு" என்றாள் கலா. அவள் தட்டைக் கழுவிக்கொண்டே சொன்னாள்.

ஒரு நாளைக்குக் கொடு என்று கேட்டு அதை முந்தானையில் சுற்றிக்கொண்டு வந்தேன். மறுநாள் உன் அப்பா காய்கறிக்குப் போன நேரம் பார்த்து, பையிலிருந்து வெள்ளைக் கப்பை எடுத்தேன். அதில் நான்கு தடவை அரிசி அளந்து தட்டில் கொட்டினேன். அந்த அரிசியைப் பித்தளையில் அளந்தேன். ஒன்று. இரண்டு. மூன்று. தட்டு காலியாகிவிட்டது. மறுபடி அளந்தேன். மறுபடியும் மூன்றுதான்.

தாத்தா, அப்பா, நீ, நான். நான்கு கப்பு. மூன்று பேருக்குச் சோறு. அதிலும் ஒரு பிடி திரும்ப எடுத்திருக்கிறேன், என் கையாலேயே, தினமும்.

அவர் வந்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தேன், உன் யானைகள் மாதிரி. ஒன்றும் கேட்க வேண்டியிருக்கவில்லை. பையைக் கீழே வைத்தார்.

"அச்சைப் பெருசா எடுத்திருக்கணும். அன்னிக்கு அவசரம், ஆழாக்கு மேலயே ஊத்திட்டேன்" என்றார்.

"இப்பதான் தெரியுதா உங்களுக்கு?"

கொஞ்ச நேரம் முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவர் பொய் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பேன். "ரெண்டாவது மாசமே தெரியும். மூட்ட பத்து நாளு கூட வந்துதே. எங்கப்பாரு மருமவ கெட்டிக்காரின்னாரு, நீயும் சந்தோஷமா இருந்த. எதுக்குக் கலைக்கணும்னு வுட்டுட்டேன்."

"எனக்குப் பத்தலியே?"

"நீ சொல்லவே இல்லியே" என்றார்.

தம்பி, நான் அவரை என்னவெல்லாமோ கேட்டேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. ஒன்றும் கேட்கவில்லை. இரண்டையும் கழுவிக் கவிழ்த்துவிட்டு, புளி கரைக்கப் போனேன். கோபம் வந்தது, இப்போதும் இருக்கிறது, எழுதும்போது பேனா காகிதத்தைக் கிழிக்கிறது. ஆனால் அந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? அறுபதைத் தாண்டிய மனுஷன் வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். நான் வெளியே போக வேண்டுமானால் அவர் காலைத் தாண்டித்தான் போக வேண்டும்.

அவருக்கு உறுத்தாமல் இல்லை. மறுநாள் காலையிலேயே மார்க்கெட்டுக்குப் போனார். எப்போதும் இருட்டப் போகும் நேரத்தில், கடைக்காரர்கள் கூறு கட்டித் தள்ளுகிற சொத்தைக் கத்தரிக்காயும் வெடித்த தக்காளியும்தான் வாங்கி வருவார், வந்ததை வைத்து நான் சமைக்க வேண்டும். அன்றைக்குக் கெட்டித் தக்காளி, பிஞ்சு வெண்டைக்காய். "இனிமே பித்தளையிலயே போடு, அதை நானே கலாகிட்ட கேட்டு வாங்கித் தரேன்" என்றார். இப்போது நாங்கள் இரண்டு பேர்தானே, இரண்டு ஆழாக்கு போட்டேன். சாப்பிட உட்கார்ந்தேன். என் தட்டில் எனக்கு உரிய முழுப் பங்கு. பாதிக்கு மேல் இறங்கவில்லை தம்பி. கலா வீட்டில் கூட்டத்தோடு எப்படியோ சாப்பிட்டுவிட்டேன், இங்கே அவர் முன்னால் முடியவில்லை. என் வயிறும் சூளையில் வைத்த மாதிரி அந்தக் கப்பளவுக்கு ஆகிவிட்டது. அவர் பானையை எட்டிப் பார்த்தார். பார்க்கக் கூடாது என்றுதான் நினைத்திருப்பார். வாய்ப் பழக்கம், "மீந்துடுச்சே" என்றார்.

அடுத்த நாள் இரண்டு ஆழாக்கு அளந்தேன். அளந்த பிறகு என் கை தானாகப் போய் ஒரு பிடி திரும்ப எடுத்தது. பிறகு இன்னொரு பிடி. இரண்டு பிடியையும் மூலைப் பானையில் போட்டுவிட்டுத்தான் எனக்கே தெரிந்தது. மறுநாள் கவனமாக இருந்தேன், அப்போதும் போயிற்று. பித்தளை வந்தும் நான் வெள்ளைக் கப்பிலேதான் அளந்துகொண்டிருக்கிறேன்.

இப்போது சொல், அதை நான் எப்படி உன் வீட்டுக்கு அனுப்புவேன்? அந்தப் பெண் காலை ஏழு மணிக்கு வேலைக்குப் போய், தாம்பரத்திலிருந்து ரயிலில் நின்றுகொண்டே திரும்பி வந்து உலை வைக்கிறாள். அவள் பசியின் அளவு உனக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது. அவளுக்குத்தான் தெரியும். நீ அரிசி டின் பக்கத்தில் நிற்கிறாய் என்று அவள் சிரித்துக்கொண்டே சொன்னாளே, நானும் முதல் வருஷத்தில் அப்படித்தான் சிரித்தேன். உன் அப்பா கெட்டவர் இல்லை, நீயும் இல்லை. கெட்டவர்களாக இருந்தால் எனக்கு வேலை சுலபம். அவள் பத்தவில்லை என்று சொல்லக் காத்திருக்காதே. சொல்ல மாட்டாள். அவள் சாப்பிட்டு முடித்த பிறகு பானையைத் திறந்து பார். காலியாக இருந்தால் மறுநாள் நீயே போய்க் கூட அரிசி போடு. மீந்தால் தண்ணீர் ஊற்றி வை, திட்டாதே.

வெள்ளைக் கப்பை நான் உடைக்கவில்லை. அதில் கல் உப்பு போட்டு வைத்திருக்கிறேன், அதன் அடியில் பூ இருக்கிறது. வெறுப்பு வருகிற அளவுக்கு அதன் மேல் எனக்கு ஆசையும் இருக்கிறது, என்ன செய்வது?

வெள்ளிக்கிழமை ரயிலுக்கு இருவரும் வாருங்கள். கலா ஆழாக்கைத் திரும்பக் கேட்க மாட்டாள், பேசிவிட்டேன். நான்கு பேருக்கு நான்கு ஆழாக்கு அளப்பேன். நான்கு தட்டையும் ஒன்றாகப் போட்டு ஒன்றாக உட்காருவோம். நீ அரிசி டின் பக்கத்தில் நிற்கப் பழகியவன்தானே, அன்றைக்கும் வந்து நில், ஆனால் என் பக்கத்தில் நில். அளந்து முடித்ததும் என் கை திரும்ப அரிசிக்குள் போகும். நான் நிறுத்தப் பார்ப்பேன், நிற்காது. ஒன்றும் பேச வேண்டாம், அப்பாவையும் ஒன்றும் கேட்க வேண்டாம். அந்த நேரத்தில் என் மணிக்கட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்.

உன் அம்மா